மூன்றாம் வகுப்பில் கூடாரங்கள்

ஆகஸ்ட் 4

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

ஒரு டீச்சர் வராத நாளில் அவருடைய வகுப்பு தானாகவே ஒழுங்காக நடந்தால், அவர் மிகவும் தேவைப்படுகிறவர் என்று அர்த்தமா, தேவையே இல்லாதவர் என்று அர்த்தமா? நீ ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிற அக்கா தெரியவில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது உனக்கு இனிப்பாக இருக்கும். அனுபவித்துக்கொள்.

உன் தலைமையாசிரியருக்கு மட்டும் பதில் தெரிந்திருக்கிறது. அன்று உன் பஸ் நடுவழியில் நின்றுபோய் நீ மதியம்தான் பள்ளிக்கு வந்து சேர்ந்தாய். அதுவரை மூன்றாம் வகுப்பில் டீச்சர் இல்லை என்பதே யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் உள்ளே வந்து, பையை மாட்டி, வருகை சொல்லி, கதவோரப் பலகையில் நீ முந்தின நாள் எழுதி வைத்திருந்த கேள்வியைப் படித்துவிட்டு, நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சாக்பீஸ் கேட்க வந்த நாலாம் வகுப்பு டீச்சர்தான் கண்டுபிடித்தாராம். அதற்காக உன்னைக் கூட்டத்தில் பாராட்டினார்கள். பாராட்டிய கையோடு, ஆசிரியர் இல்லாத மலைமேல் கிளைப் பள்ளிக்குத் தூக்கிப் போட்டார்கள். "உங்க க்ளாஸ்தான் தானா ஓடுதே டீச்சர்." நன்றாக வேலை பார்த்ததற்கு இப்படி ஒரு தண்டனையை நான் கேள்விப்பட்டதில்லை.

தற்காலிகம் என்கிறார்கள். ஆனால் இந்த மாதக் கடைசியில் அவர் நிர்வாகத்துக்கு அறிக்கை அனுப்புவார் என்றாய். மூன்றாம் வகுப்பு பிரச்சினை இல்லாமல் நடக்கிறது என்று அதில் இருந்தால், வருஷம் முடியும்வரை நீ அங்கேதான். உன் பிள்ளைகள் இங்கே, பக்கத்து அறை டீச்சரின் ஓரக்கண் பார்வையில்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். உன் முறைகளில் எனக்கு முழு நம்பிக்கை ஒருபோதும் இருந்ததில்லை. வருஷத் தொடக்கத்தில் வாரக்கணக்காகப் பாடமே நடத்தாமல், எப்படி உள்ளே வருவது, நாற்காலியை எப்படிச் சத்தமில்லாமல் இழுப்பது, பென்சில் முனை உடைந்தால் என்ன செய்வது என்று பழக்குகிறாய். எனக்கு அது அணிவகுப்பு மாதிரி தெரியும். பெற்றோருக்கு நீ அனுப்புகிற அந்த ஒரு பக்கத் தாளும் அப்படித்தான். "மூன்றாம் வகுப்பு முடியும்போது உங்கள் குழந்தை முன்பு பார்க்காத ஒரு பக்கத்தைத் தானே படித்துத் தன் சொற்களில் சொல்லும்." சரி, சோதிக்கலாம். "மூன்று இலக்க எண்களைக் கடன் வாங்கிக் கழிக்கும், ஏன் அப்படிக் கழிக்கிறோம் என்றும் சொல்லும்." சரி. "தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்." இதை எந்தத் தராசில் நிறுப்பாய்?

போனில் கேட்கலாம் என்றால் "ஹலோ, கேக்குதா" என்பதிலேயே நம் பேச்சு தீர்ந்துபோகிறது. எழுது.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ தெரியவில்லை என்று எழுதிய வரியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டலாமா என்று பார்த்தேன். இந்த அறைச் சுவரில் எதுவும் ஒட்டாது, ஈரம்.

இங்கே மூன்றாம் வகுப்பில் முதல் நாள் கால் வைத்தபோது, ரயில் வந்து நின்ற பிளாட்பாரத்தில் இறங்கின மாதிரி இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், எல்லாரும் என்னிடம். பென்சில் இல்லை, அவன் இடிக்கிறான், தண்ணீர் குடிக்கவா, இது சரியா, இது சரியா, இது சரியா. மதியத்துக்குள் எனக்குக் குரல் போய்விட்டது. ஒரு பயல் மட்டும் அமைதியாக வந்து கேட்டான்.

"நீங்க எத்தன நாளைக்கு டீச்சர்?"

"ஏன் கேக்குற?"

"இல்ல, நோட்டுக்கு அட்ட போடணுமா வேணாமான்னு தெரிஞ்சுக்கத்தான்."

இந்த வருஷம் அவனுக்கு நான் மூன்றாவது டீச்சராம். அட்டை போட்டுப் போட்டு ஏமாந்திருக்கிறான்.

அணிவகுப்பு என்கிறாய். அக்கா, ஒரு பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் அது எங்கே தடுக்கி விழுகிறது என்று கண்டுபிடிக்க, நான் அதன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அது யோசிப்பதைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் பென்சிலுக்கும் தண்ணீருக்கும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அது நடக்குமா? அந்த நேரத்தை எனக்குச் சம்பாதித்துக்கொள்ளத்தான் வாரக்கணக்காக நாற்காலி இழுக்கப் பழக்குகிறேன். அங்கே என் காது சும்மா இருந்தது. அந்தக் காதால்தான் நான் பாடம் நடத்தினேன். இதைத் தலைமையாசிரியரிடம் சொன்னால், "அதான் க்ளாஸ் அமைதியா இருக்கே டீச்சர்" என்கிறார்.

எனக்கு ஒரு உதவி செய். உன் வீட்டிலிருந்து பள்ளி நடந்து போகிற தூரம்தான். பல்கலைக்கழக மேடம் என்றால் அவர் மறுக்க மாட்டார். ஒருநாள் காலையில் போய்ப் பின்னால் உட்கார்ந்து பார். யாரிடமும் எதுவும் சொல்லாதே, அவரிடம் முக்கியமாகச் சொல்லாதே. பார்த்ததை எனக்கு எழுது, போதும். இங்கே நான் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறேன். அங்கே அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

உன் கடைக்குட்டி


ஆகஸ்ட் 17

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

போனேன். பார்த்தேன். என் பழைய சந்தேகங்களில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மிச்சத்தை வைத்துக்கொள்ள அனுமதி கொடு, பழகிவிட்டது.

வாசலிலேயே ஒரு பெண் என்னை மறித்தாள். அன்றைய பொறுப்பு அவளுடையதாம். நீ அடிக்கடி சொல்லும் வக்கீலம்மா அவள்தான் என்று வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

"நீங்க பாக்க வந்தவங்களா, செக் பண்ண வந்தவங்களா?"

"பாக்க."

"பாக்கறவங்க நாற்காலி அது. செக் பண்றவங்கன்னா முன்னாடி உக்காரலாம். அவங்க எப்படியும் கொஞ்ச நேரத்துல போயிடுவாங்க."

பின்னால் உட்கார்ந்தேன். நாலாம் வகுப்பு டீச்சர் இடைக்கதவு வழியாகத் தலையை நீட்டிப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத் தன் வகுப்புக்குப் போனார். பாவம், அங்கே நாற்பது பேர். அதற்குப் பிறகு இங்கே பெரியவர் யாரும் இல்லை. ஒருத்தி நோட்டுகளைக் கொடுத்தாள். ஒருவன் ஜன்னலைத் திறந்து கொக்கி மாட்டினான். பென்சில் முனை உடைந்த பையன் எழுந்து போய், டப்பாவிலிருந்து கூரான பென்சிலை எடுத்து உடைந்ததை அதில் போட்டுவிட்டு வந்தான், ஒரு சொல் இல்லாமல். எழுதினார்கள். சந்தேகம் வந்தால் பக்கத்திலிருப்பவரிடம் காதோரம் கேட்டுக்கொண்டார்கள். எழுதி முடித்தவர்கள் நோட்டை விரித்து, முதுகு மேலே இருக்கும்படி மேசையில் கூடாரம் போல நிறுத்திவிட்டு வாசிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். நேரம் போகப் போகக் கூடாரங்கள் அதிகமாயின. கடைசியில் அறை முழுக்கச் சின்னச் சின்னக் கூடாரங்கள், நடுவே குனிந்த தலைகள். காலை வெயில் அதன்மேல் விழுந்தது. நான் சாதாரணமாக அழகு என்ற சொல்லைச் செலவழிப்பதில்லை என்று உனக்குத் தெரியும். அழகாக இருந்தது.

எங்கள் துறைக் கூட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்துவதைப் பார்த்திருக்கிறேன். எட்டு வயதில் இப்படி இருக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இதை நீ செய்திருக்கிறாய். பெருமையாக இருக்கிறது. இதை உனக்கு முன்பு சொன்னதில்லை.

வெளியே வரும்போது தலைமையாசிரியர் எதிரே வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டார். நீ சொல்லாதே என்றிருந்தாய். ஆனால் உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாமல் வர மனம் வரவில்லை. இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

எத்தனை கூடாரம் இருந்தது?

எழுதி முடித்தவர்கள் கூடாரம் போட மாட்டார்கள். முடித்தால் நோட்டை மூடித் தட்டில் வைப்பார்கள். ஒன்று புரியவில்லை என்றால், முதலில் இன்னொரு தடவை படிக்க வேண்டும். பிறகு சுவரில் இருப்பதைப் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்தில் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் புரியவில்லை என்றால் நோட்டைக் கூடாரமாக நிறுத்திவிட்டு, டீச்சர் வரும்வரை வேறு வேலையைப் பார்க்கலாம். கூப்பிடத் தேவையில்லை. கூடாரத்தைப் பார்த்தால் நான் போவேன். வகுப்பில் மூன்று நான்குக்கு மேல் நின்றால், அன்று நான் பாடத்தைத் தப்பாக நடத்தியிருக்கிறேன் என்று நிறுத்திவிட்டு முதலிலிருந்து வருவேன்.

அறை முழுக்க என்று எழுதியிருக்கிறாய்.

அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. நான் பழக்கினபடியே கூப்பிடுகிறார்கள். போகத்தான் ஆள் இல்லை. நீ அதை வெயிலில் வைத்து ரசித்துவிட்டு, அவரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். அது அறிக்கையில் ஏறிவிடும். பல்கலைக்கழகமே பாராட்டியது என்று எழுதுவார்.

இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது நான்தான். எனக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஆனாலும் இன்று உன்மேல்தான் கோபம் வருகிறது. நாளைக்கு என்மேல் வரும்.


ஆகஸ்ட் 25

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே மறுபடி போனேன். இந்தத் தடவை பின் நாற்காலியில் உட்காரவில்லை. முன்பல் விழுந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இது எப்ப போட்ட கூடாரம்?"

"போன வாரம் செவ்வாக்கெழம."

"அப்பலேர்ந்து நிக்குதா?"

"சாயங்காலம் எடுத்துருவேன். காலைல மறுபடி வைப்பேன். டீச்சர் வந்தா தெரியணும்ல?"

நான் கதவோரப் பலகையைப் பார்த்தேன். "மழை விட்டதும் குட்டையில் இருந்த தண்ணீர் எங்கே போகிறது?" நீ கிளம்பும்முன் எழுதிய கேள்விதானே அது? யாரும் அழிக்கவில்லை. பலகையில் இருப்பதற்குக் காலையில் பதில் எழுத வேண்டும் என்பது விதி, ஆகவே தினமும் எழுதுகிறார்கள். வக்கீலம்மாவின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதலில் ஆவியாகப் போனது. பிறகு மண்ணுக்குள் போனது. பிறகு நாய் குடித்தது. இப்போது அந்தக் குட்டைக்கு வாரிசு வழக்கு நடக்கிறது. அவளுக்கு அலுப்பில்லை. மற்றவர்கள் முந்தின நாள் எழுதியதையே பார்த்து எழுதுகிறார்கள், அழகான கையெழுத்தில்.

நாலாம் வகுப்பு டீச்சரிடம் கூடாரம் எதற்கென்று தெரியுமா என்று கேட்டேன். "ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதாம இருக்க மறைச்சு வெக்கறாங்கன்னு நெனச்சேன் மேடம். நல்ல பழக்கமாச்சேன்னு விட்டுட்டேன்." என்னைவிட அவருக்குச் சாக்கு அதிகம். அவர் பார்க்க வந்தவர் இல்லை.

தலைமையாசிரியரிடம் போனேன்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு சார்."

"நீங்கதான மேடம் இந்த மாதிரி க்ளாஸ் பாத்ததே இல்லன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். பாத்ததில்லதான். ஆனா அங்க யாரும் ஒண்ணும் புதுசா கத்துக்கல."

"சத்தம் இல்ல, சண்ட இல்ல, ஒரு பேரண்ட் கூட வந்து கேக்கல. வேற என்ன மேடம் வேணும்?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு இரண்டு பள்ளி, ஒன்றில் ஆள் இல்லை. என் பாராட்டை அவர் அறிக்கையில் சேர்த்திருக்கிறார். அது இன்னும் மேசையில்தான் இருக்கிறது, போகவில்லை. நான் நேராக நிர்வாகத்துக்கு எழுதட்டுமா? என் பட்டம் ஒருமுறையாவது உபயோகப்படட்டும்.

நீ சொல்லாதே என்றதைச் சொன்னேன். மன்னித்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நிர்வாகத்துக்கு எழுதாதே. உன் எழுத்தால் நான் திரும்பி வந்தால், தலைமையாசிரியருக்கு நான் சிபாரிசில் வந்தவள், வகுப்புக்கு என் தேவை என்ன என்பது அவருக்கு என்றைக்கும் புரியாது. அடுத்த வருஷம் மறுபடி இதே கதை. அவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வை. நின்று பார்க்கக் கூடாது. நின்று பார்த்தால் அமைதிதான் தெரியும். சின்ன நாற்காலியில், ஒரே ஒரு கூடாரத்துக்குப் பக்கத்தில். நீ எதையும் விளக்காதே. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

நீயும் ஒரு கூடாரத்துக்குப் போனால், விடையைச் சொல்லிவிடாதே. எது வரைக்கும் புரிந்தது என்று மட்டும் கேள். பிள்ளைகள் விரலை வைத்துக் காட்டிவிடுவார்கள். பெரியவர்களுக்குத்தான் அது தெரியாது.

வாரிசு வழக்கை நினைத்து வகுப்பிலேயே சிரித்துவிட்டேன். பிறகு பலகையை நினைத்தேன். கிளம்புகிற அவசரத்தில் நாலாம் வகுப்பு டீச்சரிடம் கேள்வியை மாற்றச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இங்கே ஒன்று நடந்தது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தப் பயல் நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டான். பழைய காலண்டர் தாள், படம் உள்பக்கம். மேசைமேல் எனக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தான். நான் திரும்பிப் போக வேண்டும் என்று நீ அங்கே போராடுகிறாய், நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் அட்டையைப் பார்த்ததிலிருந்து கேட்கும்போது குரல் சற்று இறங்குகிறது. போகிறேன் என்றால் அவனிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அட்டையை வீணாக்கினேன் என்று இருக்கக் கூடாது.

கோபம் போய்விட்டது. உன்மேல் இருந்தது மட்டும்.

கடைக்குட்டி


செப்டம்பர் 1

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

தலைமையாசிரியரிடம் இன்று கேட்டேன். இன்னும் அனுப்பாத அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே, "மேடம், நீங்க ஒரு தடவ ஆஹாங்கறீங்க, ஒரு தடவ அய்யய்யோங்கறீங்க, நான் எத எழுதறது?" என்றார். நியாயமான கேள்வி. "நான் சொல்றத எழுதாதீங்க. நாளைக்கு ஒரு பீரியட் நீங்களே உக்காருங்க. அப்புறம் என்ன எழுதினாலும் நான் வாயத் திறக்க மாட்டேன்" என்றேன். முதல் பீரியடுக்கு வருவதாகச் சொன்னார். பத்து மணிக்கு அவரைப் பார்க்க யாரோ வருகிறார்களாம், அதற்குள் முடிய வேண்டும்.

அரை மணி நேரத்தில் ஒரு மனிதர் என்ன பார்ப்பார் என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை. நான் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து தப்பாகப் பார்த்தவள். கடிதத்தை மடிக்காமல் வைக்கிறேன்.

செப்டம்பர் 2

வந்தார். வாசலில் அன்றைய பொறுப்புப் பையன் அவரைப் பார்த்துத் திகைத்து, வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "தலைமையாசிரியரும் பாக்கறவங்கதான்" என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே அறையை ஒரு சுற்றுப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். நான் முன்பல் விழுந்த பெண்ணின் பக்கத்து நாற்காலியைச் சுட்டினேன். உட்கார்ந்தார். முழங்கால் மேசைக்கு மேலே வந்தது.

நானூற்று இரண்டில் நூற்று ஐம்பத்தேழைக் கழிக்க வேண்டும். அந்தப் பெண் விரலை நடுவில் வைத்தாள்.

"இங்க பூஜ்ஜியம் இருக்கு சார். பூஜ்ஜியத்துகிட்ட எப்படி கடன் வாங்கறது?"

"பக்கத்து வீட்டுல இல்லன்னா அதுக்கு அடுத்த வீட்டுல வாங்கிக்க."

"அது நூறு வீடு. எனக்குப் பத்துதான வேணும்?"

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். சத்தமாகச் சொன்னார், அவள் தலையாட்டினாள். புரிந்ததா என்றார், இல்லை என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆபீஸ் உதவியாளர் வந்து எட்டிப் பார்த்தார். "சார், வந்துட்டாங்க." "இருக்கச் சொல்லு." மணி அடித்தது. எழுந்திருக்கவில்லை. எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு மூன்று வீடுகள் வரைந்தார்.

"நூறு நேரா உன் வீட்டுக்கு வராது. முதல்ல நடு வீட்டுக்குப் பத்துப் பத்தா பிரிஞ்சு வரும். அதுல ஒரு பத்து உனக்கு."

"அப்ப நடு வீட்டுல ஒம்போது பத்து மிச்சம் இருக்கும்."

"ஆமா."

"அதான் எனக்குத் தெரியல. எல்லாரும் அங்க ஒம்போது போடுறாங்க. அது எங்கருந்து வருதுன்னு யாருக்கும் சொல்லத் தெரியல."

கழித்தாள். நோட்டை மூடித் தட்டில் வைத்துவிட்டு வந்தாள். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பரீட்சையில் தேறியது அவர்தான் என்பது மாதிரி இருந்தது. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சிரித்தபடி திரும்பினார். அப்போதுதான் மற்ற மேசைகளைப் பார்த்தார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வக்கீலம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"இதெல்லாமும் அதானா?"

"ஆமா சார். ஜன்னல் பக்கம் கணக்கு. இந்தப் பக்கம் படிக்கிறது. எனக்கு ரெண்டும்."

வராந்தாவில் என்னிடம், "தினம் ரவுண்ட்ஸ் போறப்ப இந்த ஜன்னல் வழியாத்தான் மேடம் போறேன்" என்றார். ஆபீசில் காத்திருந்தவர்களை இன்னும் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு அறிக்கையைப் புதிதாக எழுதினார். மூன்றாம் வகுப்பைத் தனி ஆசிரியர் இல்லாமல் நடத்த முடியாது; உன்னைத் திருப்பி அனுப்ப வேண்டும்; மலைமேல் பள்ளிக்கு நிரந்தரமாக ஒருவரைப் போட்ட பிறகே நீ அங்கிருந்து கிளம்ப வேண்டும். கடைசி வரி நான் கேட்டுச் சேர்த்தது. அட்டை போட்டவனைப் பற்றி அவரிடம் சொன்னேன். உன்னிடம் கேட்காமல் சொன்னேன், மறுபடியும். அதனால் நீ வர ஒரு மாதம் ஆகலாம். கையெழுத்துப் போட்டுக் கவரில் வைத்து ஒட்டியதைப் பார்த்தேன். நிர்வாகம் என்ன சொல்லும் என்று தெரியாது.

பை எடுக்க வகுப்புக்குத் திரும்பினேன். வக்கீலம்மா வாசலில் நின்றிருந்தாள். "டீச்சர் வர்ற வரைக்கும் யாரு வருவாங்க?" என்று கேட்டாள். எனக்குக் காலையில் வகுப்பு இல்லாத நாட்கள் வாரத்தில் மூன்று; அன்றெல்லாம் நான் வருவதாகச் சொன்னேன். மற்ற இரண்டு நாளை அவள் தலைமையாசிரியரிடம் பேசிக்கொள்கிறாளாம்.

பையைக் கீழே வைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன். அங்கே இருந்த பையன் வாசிப்புப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் படித்துக் காட்டினான். என்ன கதை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எது வரைக்கும் புரிந்தது என்று கேட்டேன். இரண்டாவது வரியில் விரலை வைத்தான். அங்கிருந்து ஆரம்பித்தோம். சாப்பாட்டு மணி அடித்தபோது நாலாவது வரியில் இருந்தோம்.

அக்கா